மூன்றாம் முறை பாஸான மாணவர்

காரியாபட்டி, மல்லாங்கிணறு, திருச்சுழி என்று எந்த ஊர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கர்ப்பிணிப் பெண்களுக்கு ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். இரும்புச் சத்து மாத்திரை என்று அதற்குப் பெயர்.

அதில் இருப்பது இரும்பு மட்டும் அல்ல. போலிக் அமிலம் என்ற இன்னொரு சத்தும் இருக்கிறது. உடம்பில் ரத்தம் ஊறுவதற்கு அது தேவை. கருவில் இருக்கும் குழந்தைக்கு முதுகுத்தண்டு ஒழுங்காக அமைவதற்கும் அது தேவை.

அந்தச் சத்தை ஆய்வுக்கூடத்தில் செய்யும் வழியை 1945-ம் ஆண்டில் ஒரு விஞ்ஞானிகள் குழு கண்டுபிடித்தது. அமெரிக்காவில் நடந்த வேலை அது. ஆனால் அந்தக் குழுவின் தலைவர் அமெரிக்கர் அல்லர். சென்னையில் வைத்தியம் படித்த இந்தியர்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவர் அவர். வைத்தியக் கல்லூரியில் முழுப் பட்டம் கிடைக்காதவர். அரசாங்க வைத்திய சர்வீஸில் வேலை கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கியவர்.

அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

உலகம் முழுவதும் விஞ்ஞானப் புத்தகங்களில் இடம் பெற்ற பெயர் அது. பொதுச் சுகாதாரம் சம்பந்தப்பட்ட ஒரு படிப்பைப் படிக்கப் போய், அங்கிருந்து டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குத் தாவி, கடைசியில் கோடிக்கணக்கான பேருக்கு மருந்து கொடுத்த கதை அவருடையது.

வீட்டை விட்டு ஓட்டம்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமாவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திரத்தில் இருக்கும் அந்த ஊர் அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. தகப்பனார் ஜெகந்நாதம். தாயார் வெங்கம்மா. குழந்தைகள் ஏழு பேர். தகப்பனாருக்கு வருவாய் இலாகாவில் சிறிய உத்தியோகம். உடல்நலம் கெட்டு, வேலையிலிருந்து சீக்கிரமே விலகிவிட்டார். வீட்டில் வறுமை புகுந்தது.

பையனுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. பதின்மூன்று வயதில் ஒரு நாள் வீட்டை விட்டு ஓடிவிட்டான். காசிக்குப் போய், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகிவிடலாம் என்பது அவன் எண்ணம்! காசி வரை போக முடியவில்லை. பிடித்துக் கொண்டுவந்து, மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்கள்.

உட்கார வைத்தவர் தாயார். அந்த அம்மாள் மனஉறுதி படைத்தவர். கணவர் காலமான பிறகும் மகனின் படிப்பை நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை. நகைகளை விற்றார்; மகனைப் படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் சுப்பாராவ் ஒரு முறை தோற்றார். இன்னொரு முறையும் தோற்றார். பிறகு சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். மூன்றாம் முறை பாஸ் செய்தார்.

அடுத்தது மாநிலக் கல்லூரி. அங்கே படிக்கும்போது ராமகிருஷ்ண மடத்தின் மீது பற்று ஏற்பட்டது. சந்நியாசி ஆகிவிட வேண்டும் என்று விரும்பினார். தாயார் இதற்கும் சம்மதிக்கவில்லை. வைத்தியம் படித்தால் மடத்தின் ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்குத் தொண்டு செய்யலாமே என்று மடத்தைச் சேர்ந்தவர்களே யோசனை சொன்னார்கள். காவி உடுத்த ஆசைப்பட்டவர் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த காரணம் இதுதான். ஆண்டு 1915.

கதரால் வந்த வினை

கல்லூரிச் சம்பளத்துக்கு நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி என்பவரும் உதவி செய்தார். அவருடைய மகள் சேஷகிரியைச் சுப்பாராவ் 1919-ல் மணந்துகொண்டார்.

காந்தி அடிகளின் குரல் நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்நியத் துணியைத் தள்ளுங்கள், கதர் உடுத்துங்கள் என்று அவர் சொன்னார். சுப்பாராவ் அப்படியே செய்தார். தெருவில் கதர் உடுத்தியதோடு நிற்கவில்லை. அறுவை சிகிச்சை அறைக்குப் போட்டுக்கொண்டு போகும் மேலங்கியையும் கதரில் தைத்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு என்ற வெள்ளைக்காரர். அவருக்கு இது பிடிக்கவில்லை. மற்றப் பாடங்களில் சுப்பாராவ் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனாலும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். என்ற சான்றிதழ்தான் 1921-ல் அவர் கைக்கு வந்தது.

அரசாங்க வைத்திய சர்வீஸுக்கு மனுப் போட்டுப் பார்த்தார். வேலை கிடைக்கவில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி நடத்தி வந்தார். அங்கே உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் வேலை கிடைத்தது.

அந்த எல்.எம்.எஸ். சான்றிதழ் சுப்பாராவை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. முழுப் பட்டம் கையில் இருந்திருந்தால், ஏதாவது ஒரு ஜில்லா ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டராக இருந்து ஓய்வு பெற்றிருப்பார். அப்படி நேராமல் போனது உலகத்துக்கு லாபம்தான். ஆனால் 1921-ல் வேலை இல்லாமல் நின்ற இளைஞருக்கு அது எப்படித் தெரியும்?

எட்டு நாளில் இரண்டு சாவு

இதற்கிடையே குடும்பத்தில் இடி விழுந்தது. சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் எட்டு நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். இருவரையும் கொண்டுபோனது ஒரே நோய்தான்.

வெப்பநாட்டு ஸ்புரு என்பது அந்த நோயின் பெயர். நம் வைத்தியர்கள் கிராணி என்று சொல்லும் கழிச்சல் வகையைச் சேர்ந்தது. வயிறு ஓயாமல் போகும். சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டாது. நாக்கு வெந்துபோகும். ரத்தம் குறையும். ஆள் எலும்பும் தோலுமாகிவிடுவார். அன்றைய இங்கிலீஷ் வைத்தியத்தில் இதற்குச் சரியான மருந்து கிடையாது.

சுப்பாராவையும் அந்த நோய் பிடித்தது. லட்சுமிபதி கொடுத்த ஆயுர்வேத மருந்தில் அவர் பிழைத்தார்.

டாக்டருக்குப் படித்தவர் அவர். தம் வீட்டிலேயே இரண்டு பேர் சாவதைத் தடுக்க அவரால் முடியவில்லை. காரணம் என்ன? கெட்டிக்கார டாக்டர் இல்லாத குறையா? இல்லை. அந்த நோய் எதனால் வருகிறது என்பதே அன்று எந்த டாக்டருக்கும் தெரியாது. தெரியாததைப் புத்தகத்தில் படித்துக்கொள்ள முடியாது. யாராவது ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும்.

வெப்பநாட்டு நோய்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்று அமெரிக்காவில், பாஸ்டன் நகரில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தது. அதன் தலைவர் டாக்டர் ரிச்சர்டு ஸ்டிராங். சுப்பாராவ் அவருக்கு எழுதினார். இடம் கிடைத்தது. உதவிச் சம்பளம் கிடைக்கவில்லை. காக்கிநாடாவில் உள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனம் உதவுவதாக வாக்குக் கொடுத்தது. மீதிப் பணத்தை மாமனார் திரட்டினார். 1920-களின் தொடக்கத்தில் சுப்பாராவ் கப்பல் ஏறினார்.

மனைவி சேஷகிரி அப்போது கர்ப்பவதி. பிறந்த ஆண் குழந்தை சிறு வயதிலேயே இறந்துவிட்டது. தகப்பனார் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கூட்டத்தைப் பார்க்கும் படிப்பு

ஹார்வர்டில் அவர் சேர்ந்தது எந்த மாதிரியான படிப்பு என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

சாதாரண வைத்தியப் படிப்பு ஒரு நோயாளியைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறது. வெப்பநாட்டு வைத்தியமும் பொதுச் சுகாதாரமும் அப்படி அல்ல. அவை ஒரு ஊரையே நோயாளியாக வைத்துப் பார்க்கின்றன. கொசு எங்கே முட்டையிடுகிறது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எந்தத் தெருவில் காய்ச்சல் அதிகம்? எந்த வயதுக்காரர்கள் அதிகம் சாகிறார்கள்? மலேரியா, காலரா, யானைக்கால், கொக்கிப்புழு ஆகிய எல்லாம் இந்தப் பாடத்தில் வரும்.

பகலில் சுப்பாராவ் இதைப் படித்தார். இரவில் பிழைப்புக்கு வேலை பார்த்தார். என்ன வேலை? பாஸ்டன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை. சென்னையில் டாக்டருக்குப் படித்தவர் பாஸ்டனில் தோட்டி வேலை செய்தார். அவருடைய எல்.எம்.எஸ். சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே டாக்டர் வேலை பார்க்க வழியில்லை.

வெப்பநாட்டு வைத்திய டிப்ளமோ கைக்கு வந்தது. திட்டப்படி பார்த்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆனால் சுப்பாராவ் திரும்பவில்லை. ஹார்வர்டிலேயே இன்னொரு கட்டடத்துக்குள் நுழைந்தார். அது உயிர் ரசாயனப் பகுதி. அதாவது உடம்புக்குள் நடக்கும் ரசாயன வேலைகளை ஆராயும் இடம்.

ஏன் அப்படிச் செய்தார்?

டிப்ளமோப் படிப்பு அவருக்கு நோய்களின் ஊர், தெரு, பருவம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. ஸ்புரு எந்த நாடுகளில் வருகிறது, யாருக்கு வருகிறது என்று சொல்லிக்கொடுத்தது. சாப்பாடு உடம்பில் ஏன் ஒட்டவில்லை என்ற கேள்விக்கு அந்தப் படிப்பில் பதில் இல்லை. ரத்தம் ஏன் குறைகிறது? எந்தச் சத்து போய்விட்டது? அந்தச் சத்து எங்கே இருக்கிறது? அகலமான படிப்பு முடியும் இடத்தில், ஆழமான கேள்வி எழுந்து நின்றது. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வழி திறப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

நீல நிறம் சொன்ன சேதி

உயிர் ரசாயனப் பகுதியில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு அவர் வேலை செய்தார். கையில் எடுத்துக்கொண்ட பொருள் பாஸ்பரஸ். நம் எலும்பிலும், ரத்தத்திலும், தசையிலும் இருக்கும் பொருள் அது. ஒரு சொட்டு ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று சரியாக அளக்க அன்று சுலபமான வழி இல்லை.

ஸ்புருவுக்கும் பாஸ்பரசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரான சம்பந்தம் இல்லை. ஆனால் அளக்கத் தெரியாதவன் ஆராய்ச்சி செய்ய முடியாது. கடையில் படிக்கல் வைக்காமல் வியாபாரம் நடக்குமா?

ஃபிஸ்கும் சுப்பாராவும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். ரத்தத்தில் உள்ள புரதத்தை நீக்கிவிட்டு, தெளிந்த நீரில் சில ரசாயனங்களைச் சேர்க்க வேண்டும். பாஸ்பரஸ் இருந்தால் தண்ணீர் நீலமாகும். கொஞ்சம் இருந்தால் வெளிர் நீலம். நிறைய இருந்தால் அடர்ந்த நீலம். அந்த நிறத்தின் அளவைக் கருவியில் பார்த்து, பாஸ்பரஸ் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். 1925-ல் இந்த முறை அச்சில் வந்தது. ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை என்று அதற்குப் பெயர். உலகம் முழுவதும் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடங்களில் பல ஆண்டுகள் இதைக் கையாண்டார்கள்.

அதன் பிறகுதான் வேடிக்கை நடந்தது.

தசையிலிருந்து எடுத்த நீரை இதே முறையில் சோதித்தார்கள். சில நிமிஷங்களில் ஏற வேண்டிய நீலம் ஏறவில்லை. மெள்ள மெள்ள, தாமதமாக ஏறியது. வேறு யாராக இருந்தாலும், மருந்து சரியில்லை என்று கீழே கொட்டியிருப்பார்கள். இவர்கள் கொட்டவில்லை. நிறம் ஏன் தாமதிக்கிறது என்று கேட்டார்கள்.

தசையில் ஏதோ ஒரு பொருள் பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது! அந்தப் பொருளைப் பிரித்து எடுத்தார்கள். பாஸ்போகிரியாட்டின் என்று அதற்குப் பெயர். 1927-ல் சேதி வெளிவந்தது. அதே சமயம் இங்கிலாந்தில் எக்ல்டன் தம்பதிகளும் இந்தப் பொருளைத் தனியாகக் கண்டார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு பெரிய பொருள் அகப்பட்டது. அதுதான் ஏ.டி.பி. ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே 1929-ல் தனியாக அதைக் கண்டுபிடித்தார். நாம் சாப்பிடும் சோறு உடம்புக்குள் நேராக வேலை செய்வதில்லை. பெரிய நோட்டை மாற்றிச் சில்லறையாக்கிச் செலவு செய்வது போல, சோற்றின் சக்தியை உடம்பு ஏ.டி.பி. என்ற சில்லறையாக மாற்றிக்கொள்கிறது. கை அசைந்தாலும், இருதயம் துடித்தாலும், செலவாவது இந்தச் சில்லறைதான். இன்று பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தில் மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். கண்டவர்களில் ஒருவர் திருவல்லிக்கேணியில் மெட்ரிகுலேஷன் தேறியவர் என்பது அவர்களுக்குத் தெரிந்தால் நல்லது.

தசை எப்படி வேலை செய்கிறது என்று சொன்னதற்காக, ஹில், மேயர்ஹாஃப் என்ற இரு விஞ்ஞானிகள் 1922-ம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றிருந்தார்கள். பாஸ்போகிரியாட்டின் வந்த பிறகு அவர்களுடைய கொள்கையையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

1930-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சுப்பாராவுக்குப் பிஎச்.டி. பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 35. பெரிய சேதிகளை அச்சில் வெளியிட்ட பிறகுதான் பட்டம் வந்தது.

இன்று இந்த வழி

சுப்பாராவ் தட்டுத் தடுமாறிப் போன வழி இன்று நல்ல ரோடாகிவிட்டது. அன்று டிப்ளமோ, இன்று பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம். எம்.பி.எச். என்று சொல்கிறார்கள். சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்திலும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும், இன்னும் பல இடங்களிலும் இந்தப் படிப்பு உண்டு. டாக்டர்களுக்கு மட்டும் உரிய படிப்பு அல்ல. பல் டாக்டர், நர்ஸ், கால்நடை டாக்டர், விஞ்ஞானப் பட்டதாரி ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன. இடத்துக்கு இடம் விதி மாறும். விண்ணப்பிக்கும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பட்டத்தில் 55 சதவிகித மதிப்பெண் வாங்கியவர், பொது விதிப்படி பிஎச்.டி.க்கு மனுப் போடலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோர் ஆகியோருக்கு 5 சதவிகிதம் சலுகை உண்டு. நுழைவுத் தேர்வும் நேர்காணலும் இருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ம் ஆண்டு விதிப்படி ஆராய்ச்சிக்குக் குறைந்தது மூன்று ஆண்டு ஆகும்.

மார்க்கும் தேர்வும் கதவைத் திறக்கும். உள்ளே கொண்டுபோக ஒரு கேள்வி வேண்டும். முதுநிலைப் படிப்பின் முடிவில் மாணவர்கள் சிறிய ஆய்வு ஒன்று செய்ய வேண்டியிருக்கும். பலர் அதைக் கடனுக்குச் செய்து முடித்துவிடுகிறார்கள். அது தவறு. பிஎச்.டி.க்கு விதை பெரும்பாலும் அந்தச் சிறிய ஆய்வில்தான் கிடக்கிறது.

காரியாபட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இந்தப் பட்டம் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பட்டாசு மருந்து கலக்கும் தொழிலாளர்களில் எத்தனை பேருக்கு இருமல் இருக்கிறது, எத்தனை ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு அதிகம் என்று அவள் கணக்கு எடுக்கலாம். அது முதுநிலை ஆய்வு. கணக்கு முடிந்ததும், ஒரே கொட்டகையில் ஒரே அளவு தூசியைச் சுவாசித்த இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் நோய் வந்தது என்ற கேள்வி எழலாம். எந்தத் தூள் காரணம்? அலுமினியத் தூளா, கந்தகமா? நுரையீரலுக்குள் போன தூசியை எப்படி அளப்பது? யாரும் இதுவரை அளக்காத ஒன்றை அளக்கப் போகிறாள் என்றால், அவள் பிஎச்.டி.யின் வாசலில் நிற்கிறாள்.

வெளியே வராத கண்டுபிடிப்புகள்

பட்டம் வந்தும் சுப்பாராவுக்கு நிலையான பதவி வரவில்லை. 1930-களில் அவர் ஈரல் சாரத்தில் முழுகிக் கிடந்தார். மினோட், மர்பி என்ற அமெரிக்க டாக்டர்கள், ஒருவகைக் கொடிய ரத்தசோகைக்கு ஈரலைச் சாப்பிடக் கொடுத்தால் குணமாகிறது என்று 1926-ல் காட்டியிருந்தார்கள். ஈரலில் உள்ள எந்தச் சத்து இதைச் செய்கிறது? அதைப் பிரித்து எடுக்கச் சுப்பாராவ் பாடுபட்டார்.

ஃபிஸ்கோடு அவர் செய்த வேலை முழுவதும் வெளியே வரவில்லை. அதே ஆய்வுக்கூடத்தில் மாணவராக இருந்தவர் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ். பிற்காலத்தில், 1988-ல், நோபல் பரிசு பெற்றவர். சுப்பாராவ் பிரித்து எடுத்த சில பொருள்களைப் பல ஆண்டு கழித்து மற்றவர்கள் மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றும், ஃபிஸ்க் அவற்றை வெளியே வர விடாததுதான் காரணம் என்றும் அவர் கூறியிருக்கிறார்.

ஆராய்ச்சி மாணவருக்கு வழிகாட்டி எப்படி அமைகிறார் என்பது பெரிய விஷயம். அதே ஃபிஸ்க்தான் சுப்பாராவுக்கு வழி திறந்துவிட்டவர் என்பதையும் மறக்கக் கூடாது.

1940-ல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டார். நியூயார்க் மாநிலத்தில் பெர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். விரைவிலேயே ஆராய்ச்சித் தலைவர் ஆனார்.

பம்பாய்ப் பெண்களும் நாலு டன் கீரையும்

போலிக் அமிலத்தின் கதை நம் நாட்டில் ஆரம்பிக்கிறது.

லூசி வில்ஸ் என்ற இங்கிலீஷ் பெண் டாக்டர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை வந்தது. பலர் இறந்தார்கள். என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று வில்ஸ் ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த ஒரு மலிவான சாரத்தைக் கொடுத்தார். ரத்தம் ஊறியது! 1931-ல் இதை வெளியிட்டார். அந்தச் சாரத்தில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது என்று தெரிந்தது. அது எது என்று தெரியவில்லை.

அமெரிக்காவில் மிட்செல் என்பவர் 1941-ல் 4 டன் பசலைக் கீரையை அரைத்துப் பிழிந்து, அதிலிருந்து துளியளவு சத்து எடுத்தார். இலையிலிருந்து வந்ததால் போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார். ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்க டன் கணக்கில் கீரை வேண்டும் என்றால் அது நடக்கிற காரியமா?

சுப்பாராவின் ஆட்கள் அந்தச் சத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். ஸ்டாக்ஸ்டாடு என்பவர் அதைப் படிகமாக எடுத்தார். மற்றவர்கள் அதன் அமைப்பை அறிந்தார்கள். 1945-ல் கீரையும் இல்லாமல் ஈரலும் இல்லாமல், ரசாயனங்களைக் கொண்டே போலிக் அமிலத்தைச் செய்துவிட்டார்கள். அதன் பிறகு அது மலிவான மாத்திரையாயிற்று. இந்திய அரசு 1970-ல் தொடங்கிய ரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தில், இரும்புச் சத்தோடு அதுவும் சேர்ந்து கர்ப்பிணிகளுக்குப் போயிற்று.

சுப்பாராவுக்கு இதில் ஒரு ஏமாற்றமும் உண்டு. அவர் பல ஆண்டு தேடியது, கொடிய ரத்தசோகையைப் போக்கும் ஈரல் சத்து. போலிக் அமிலம் அது அல்ல. உண்மையான சத்து பி-12 வைட்டமின். அதை 1948-ல் வேறொரு கம்பெனியின் விஞ்ஞானிகள் பிரித்து எடுத்துவிட்டார்கள்.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அந்த நோய்க்கு மருந்தே இல்லை. போலிக் அமிலம் ரத்த அணுக்களை வளர்க்கிறது என்றால், அதற்கு எதிரான பொருளைக் கொடுத்துப் புற்று அணுக்களைப் பட்டினி போட முடியாதா என்று அவர் யோசித்தார். சுப்பாராவின் ஆய்வுக்கூடம் அமினோப்டரின் என்ற பொருளைச் செய்து கொடுத்தது. 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948-ல் இது வெளிவந்தது. அதன் தம்பி போன்ற மெத்தோடிரெக்ஸேட்டை இன்று புற்றுநோய்க்கும், முடக்குவாதத்துக்கும் கொடுக்கிறார்கள்.

யானைக்கால் நோய்க்கு மருந்து வந்ததும் அங்கிருந்துதான். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களை அந்தப் புழு பிடித்தது. மருந்து தேடினார்கள். டி.இ.சி. என்ற மருந்து 1947-ல் அகப்பட்டது. இந்தியாவில் 2004 முதல், யானைக்கால் உள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒரு முறை வீடு வீடாகக் கொடுத்த மாத்திரை அதுதான். டிப்ளமோ வகுப்பில் யானைக்காலைப் பற்றிப் படித்தவருக்கு இது பழைய பாடம்.

டகர் என்ற செடிநூல் விஞ்ஞானி வேறொரு இடத்தில் ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டியவர். அவரை லெடர்லி வேலைக்கு வைத்துக்கொண்டது. மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து அவர் ஆரியோமைசின் என்ற மருந்தைக் கண்டார். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் முதலாவது அது. 1948-ல் உலகுக்கு அறிவித்தார்கள். சூரத்தில் 1994-ல் பிளேக் பீதி கிளம்பியபோது, மக்கள் கடைகடையாகத் தேடியது இந்த வகை மருந்தைத்தான்.

வெப்பநாட்டு ஸ்புரு நோய்க்கு டாக்டர்கள் இன்று கொடுக்கும் மருந்துகள் இரண்டு. ஒன்று டெட்ராசைக்ளின். மற்றொன்று போலிக் அமிலம். சுப்பாராவின் சகோதரர்களுக்கு இல்லாமல் போன மருந்து அவர் தலைமை வகித்த ஆய்வுக்கூடத்திலிருந்துதான் பிறந்தது.

ஊர் திரும்பவில்லை

சுப்பாராவ் தம்மை முன்னால் நிறுத்திக்கொண்டவர் அல்லர். கீழே வேலை செய்தவர்களின் பெயர் முன்னே வரட்டும் என்று விட்டுவிடுவார். வெளியுலகம் அவரை அதிகம் அறியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தியர்கள் அமெரிக்கப் பிரஜை ஆவதற்கு 1946 வரை சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு சட்டம் மாறியது. மாறிய பிறகும் சுப்பாராவ் பிரஜை ஆகவில்லை. இந்தியராகவே இருந்தார். ஆனால் இந்தியாவுக்கு ஒரு முறைகூடத் திரும்பவும் இல்லை. நகையை விற்றுப் படிக்க வைத்த தாயாரை அவர் மறுபடி பார்க்கவில்லை. மனைவி சேஷகிரி இங்கேயே இருந்தார். விஞ்ஞானத்துக்கு அவர் கொடுத்த விலையில் பெரும்பகுதியைக் கட்டியவர் அந்த அம்மாள்தான்.

1948-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் இரவு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இருதய நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது 53. இந்தியா சுதந்திரம் பெற்று ஓராண்டு ஆகப்போகிற சமயம். ஆரியோமைசினை உலகுக்கு அறிவித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன.

அவர் இறந்த பிறகு, அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு பூஞ்சைக்குச் சுப்பாரோமைசஸ் என்று அவருடைய பெயரை வைத்தார்கள். பிறந்து நூறு ஆண்டு ஆன 1995-ல் இந்தியத் தபால் இலாகா அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது.